கோழி அடையும் இடம்

வீட்டுக்கு வந்தவர்களைப் பார்த்து "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதற்கு முன்னால் "ராத்திரிக்கு எங்க படுக்கறீங்க?" என்று கேட்கிற ஒருத்தியோடு நான் இரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். என் கணவரின் அண்ணன் மனைவி அவள். எனக்கு ஓரகத்தி. நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

வேப்பனப்பள்ளியிலிருந்து மாட்டுவண்டியில் ஒரு மணி நேரம் போனால் அந்த ஊர். அதைத் தாண்டி இரண்டு கல் நடந்தால் மைசூர் எல்லை. அக்கா பிறந்தது எல்லைக்கு அந்தப் பக்கம். எங்களோடு தமிழ் பேசுவாள், கோபம் வந்தாலோ உடம்பு சரியில்லை என்றாலோ கன்னடம் வந்துவிடும். எனக்குக் கல்யாணம் ஆகி அங்கே போனபோது பத்தொன்பது வயது. என் கணவருக்குப் பெங்களூரில் ஒரு துணி மில்லில் வேலை, மாதத்தில் ஒரு சனிக்கிழமைதான் வருவார். ஆக வீட்டில் அக்கா, அவள் புருஷன், அவர்களின் இரண்டு பிள்ளைகள், நான். அக்காவின் புருஷனை நான் மாமா என்பேன். ராகியும் மொச்சையும் விதைக்கிற நிலம் கொஞ்சம், ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன மாந்தோப்பு. இவ்வளவுதான் குடும்பம்.

பொழுது சாயும்போது அக்காவைப் பார்க்க வேண்டும். கையில் இருக்கிற வேலை எதுவானாலும் போட்டுவிட்டு வாசலில் வந்து நிற்பாள். அந்தப் பக்கத்து வீடுகளில் முன்கட்டில் மாடு கட்டுவார்கள், பின்கட்டில் ஜனங்கள் படுப்பார்கள். கோழிகளுக்கென்று சுவரோரம் கல்லில் ஒரு கூடு இருந்தது. ஒரு கோழிகூட அதில் படுக்காது. சாம்பல் நிறக் கோழி, சுவரில் மாட்டியிருந்த கலப்பையின் மேல் ஏறும். கழுத்தில் மயிர் இல்லாதது ஒன்று, எருமைக்கு நேர் மேலே இருந்த குறுக்குக் கட்டையில் உட்காரும், அங்கே கதகதப்பு. சேவல் எல்லாவற்றுக்கும் கடைசியில் வந்து நிலைக்கு மேலே இருந்த பொந்தில் நுழைந்துகொள்ளும். ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் ஏறி, இறக்கையைச் சரிசெய்து அடங்குகிற வரைக்கும் அக்கா நகர மாட்டாள். பிறகு பிள்ளைகள், மாமா, நான். யார் எங்கே படுக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்த பிறகுதான் அவள் முகத்தில் ஒரு சாந்தம் வரும்.

கல்யாணத்துக்கு என் அம்மா ஒரு கோழி கொடுத்து அனுப்பியிருந்தாள். செம்பட்டை நிறத்தில் வெடைக்கோழி, அப்போதுதான் முட்டையிட ஆரம்பித்திருந்தது. முதல் நாள் சாயங்காலம் அது எங்கே போவது என்று தெரியாமல் வாசலிலேயே சுற்றியது. நான் பிடித்துக் கல்கூட்டில் அடைக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்தாள்.

"நீ எதுக்கு எடம் காட்டற? அதுவே பாத்துக்கும், வுடு."

மூன்று நாள் அது ஒவ்வொரு இடமாக உட்கார்ந்து பார்த்தது. நான்காம் நாள் சமையல்கட்டில் விறகு அடுக்கி வைக்கிற பரணில் ஏறி, ஒரு மூலையில் ஒடுங்கியது. ஐந்தாம் நாளும் அங்கேயே. உடனே அக்கா ஒரு மூங்கில் குச்சியைக் கால் பிடிமானத்துக்காக அந்த மூலையில் குறுக்கே கட்டினாள். எச்சம் விழுவதற்கு அடியில் ஓட்டைப் பானை ஒன்றில் சாம்பல் போட்டு வைத்தாள்.

"இனி அதை அங்கருந்து யாராலயும் மாத்த முடியாது" என்றாள்.

எனக்கும் அதையேதான் செய்தாள். புருஷன் ஊரில் இல்லாத புதுப்பெண், புது வீடு. எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை, அவளே கண்டுபிடித்தாள். ஒரு நாள் குதிர் பக்கத்தில் பாய் போட்டாள், ஒரு நாள் பிள்ளைகள் பக்கத்தில். பிறகு சின்ன சன்னலுக்குக் கீழே போட்டாள், அங்கே நான் விடிகிற வரை தூங்கிவிட்டேன். அன்றிலிருந்து அந்த இடத்தில் ஒரு முறத்தைக்கூட யாரையும் வைக்க விட்டதில்லை. பெற்ற தாய்கூட எனக்கு அப்படிப் பார்த்துச் செய்ததில்லை என்று தோன்றியது. அந்த ஆடி மாசத்தில் என் அம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். பிறந்த ஊரான நாகரசம்பட்டிக்குப் போய்க் காரியம் முடிந்து திரும்பியபோது அம்மா என்று எனக்கு மிச்சம் இருந்தது அந்தக் கோழிதான்.

அக்காவின் குணத்தில் பயப்படும்படியான பக்கமும் உண்டு. பக்கத்து ஊரில் கூத்து பார்க்கப் போன மாமா ஒரு தடவை சொல்லாமல் கொள்ளாமல் அங்கேயே யார் வீட்டிலோ படுத்துவிட்டு விடிந்து வந்தார். அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. அவரை உள்ளே விட்டாள், கூழ் ஊற்றிக் கொடுத்தாள், ஐந்து நாள் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறாம் நாள் மாமா கெஞ்சியபோது சொன்னாள்:

"எங்க படுக்கறன்னு சொல்லிட்டு எமன் வூட்லகூடப் போய்ப் படு. நான் ஒண்ணும் கேக்க மாட்டன்."

ஏன் அக்கா இப்படி என்று தனியாக இருக்கும்போது கேட்டேன். அவளுக்கு என் கேள்வியே புரியவில்லை. "தெரியாம எப்பிடிடி தூக்கம் வரும்?" என்று என்னைத் திருப்பிக் கேட்டாள்.

இரண்டாம் வருஷம் கார்த்திகை முடிந்து பனி விழ ஆரம்பித்த சமயம். ஒரு சாயங்காலம் கோழிகள் உள்ளே வரவில்லை. சாம்பல் கோழி வாசற்படி வரை வந்து, கழுத்தை நீட்டி உள்ளே பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. சேவல், மொட்டைக் கழுத்து, மற்றவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே நின்ற புங்க மரத்தில் ஏறின. அந்தக் குளிரில், இலையெல்லாம் சொட்டுகிற பனியில், கிளையில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்தன. என் கோழி மட்டும் வழக்கம்போலச் சமையல்கட்டுக்குப் போய்ப் பரணில் ஏறியது.

அக்கா விளக்கை ஏற்றி வீடு முழுக்கத் தேடினாள். பாம்பு ஏறியிருக்கும் என்று மாமா தடியோடு மூலை மூலையாகக் குத்திப் பார்த்தார். ஒன்றுமில்லை.

"உள்ள என்னமோ இருக்குது" என்றாள் அக்கா.

"பனிக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு அதுங்களுக்கு" என்றார் மாமா.

மறுநாளும் மரம். அதற்கடுத்த நாளும் மரம். அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. முட்டை வாங்க சைக்கிளில் வருகிற பாய் ஒருவர் உண்டு, கிருஷ்ணகிரிக்காரர். மழை பிடித்துக்கொண்டால் அவருக்குக்கூட வண்டிக் கொட்டகையில் வைக்கோல் பரப்பிக் கட்டில் போட்டுக் கொடுப்பாள் அக்கா. அவர் அந்த வாரம் வந்தபோது மரத்தடியில் கிடந்த எச்சத்தைப் பார்த்தார். சைக்கிளை விட்டு இறங்கவே இல்லை.

"எப்பருந்தும்மா மரத்துல அடையுது?"

"நாலஞ்சு நாளா."

"வூட்ல எலி ஏதாச்சும் விழுந்துச்சா? எல்லைக்கு அந்தாண்ட ரெண்டு ஊர்ல விழுதுன்னு பேச்சு. பாத்துக்கோங்கம்மா" என்று சொல்லி, முட்டைகூட வாங்காமல் போனார்.

அன்று மத்தியானம் நான் அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்தேன். கூரைக் கழியிலிருந்து ஒரு எலி பொத்தென்று என் காலடியில் விழுந்தது. பெரிய எலி. ஓடவில்லை. தள்ளாடித் தள்ளாடி இரண்டு சுற்று சுற்றிவிட்டு, வாயோரம் ரத்தம் கசிய, அடுப்புச் சாம்பலில் தலையை வைத்துப் படுத்தது. நான் கத்தின கத்தலில் அக்கா ஓடி வந்தாள். எலியைப் பார்த்தாள். என்னை ஒரே இழுப்பாக வெளியே இழுத்தாள்.

இரண்டு நாளில் தெருவெல்லாம் விழுந்தது. பிளேக் என்று மணியக்காரர் தண்டோரா போடச் சொன்னார்: எல்லாரும் ஊரைக் காலி செய்ய வேண்டும், அவரவர் நிலத்தில் கொட்டாய் போட்டுக்கொள்ள வேண்டும், உத்தரவு வருகிற வரை ஊருக்குள் கால் வைக்கக் கூடாது. சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து ஏரிக்கரையில் உட்கார்ந்து எல்லாருக்கும் ஊசி போட்டார். வெயில் படட்டும் என்று வீடுகளின் ஓடுகளை அங்கங்கே பிரித்துவிடச் சொன்னார். பிள்ளைகளையும் என்னையும் மாமாவையும் வரிசையில் நிறுத்திய அக்காவை, அவள் முறை வந்தபோது காணோம்.

"எனக்குக் கை வீங்கிட்டா யாரு களி கிண்டறது? ரெண்டு நாள் போவட்டும், போட்டுக்கறன்" என்றாள். ரெண்டு நாள் கழித்து இன்ஸ்பெக்டர் வேறு ஊருக்குப் போய்விட்டார்.

மாந்தோப்பில் தென்னங்கீற்றில் ஒரு கொட்டாய் போட்டோம். ஊர் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான், ஏரிக்கரை மேல் ஏறினால் எங்கள் வீட்டுக் கூரை தெரியும். புகை இல்லாத கூரைகள். ஆள் சத்தம் இல்லாத ஊர் எவ்வளவு சின்னதாகத் தெரியும் என்பதை அப்போதுதான் பார்த்தேன். விட்டுவிட்டு வந்த நாய்கள் மட்டும் அங்கே ஊளையிட்டுக்கொண்டிருந்தன.

கோழிகளை மக்கிரிகளில் தூக்கி வந்திருந்தோம். எங்கள் பக்கம் பெரிய மூங்கில் கூடையை மக்கிரி என்போம். மூன்று நாள் கவிழ்த்து வைத்துத் தீனி போட்டு, நான்காம் நாள் திறந்துவிட்டாள் அக்கா. சாயங்காலம் எல்லாம் மாமரத்தில் ஏறின. அக்காவுக்குச் சந்தோஷம். ஒன்று குறைந்தது. என் கோழி ஏரிக்கரை மேல் குடுகுடுவென்று ஓடிக்கொண்டிருந்தது.

அது நேராக ஊருக்குள் போய், ஓடு பிரித்த இடத்தின் வழியாகச் சமையல்கட்டில் இறங்கி, பரணில் தன் மூலையில் உட்கார்ந்திருந்தது. அக்காதான் போய்ப் பிடித்துக்கொண்டு வந்தாள். மறுநாளும் போனது. மறுபடி கவிழ்த்து வைத்தோம், திறந்தால் போனது. நான் அதன் காலில் சணல் கட்டி மரத்தில் பிணைத்தேன். அது இழுத்து இழுத்து, சணல் சதையை அறுத்து ரத்தம் வந்துவிட்டது. அக்கா அரிவாளால் சணலை அறுத்தெறிந்தாள்.

"கட்டிப்போட்டுப் படுக்க வெக்க முடியாதுடி."

இப்படி நாலைந்து சாயங்காலம் அவள் அந்த வீட்டுக்குள் போய்வந்தாள். மாமா கத்தினார். "ஒரு கோழிக்காவ எல்லாரையும் கொல்லப் போறியா? இவளுக்கு எதுவும் எடம் மாறிப் படுக்கக் கூடாது, அது ஒரு வியாதி!" கடைசியில் பிள்ளைகளின் மேல் ஆணையிடச் சொன்னார். அக்கா ஆணையிடவில்லை, ஆனால் சரி என்று தலையசைத்தாள். மாமா மாடு கட்டப் போனார்.

அன்று சாயங்காலமும் கோழி கரையேறிப் போவதை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"போவட்டும், வுடு" என்றாள் அக்கா. "அதுக்கு விதி அங்கன்னா நாம என்ன பண்றது."

எனக்கு அழுகை வந்தது. அடக்கியிருக்கலாம். அடக்கவில்லை. "எங்கம்மா குடுத்ததுக்கா. நாய்ங்க கிழிச்சுப் போட்டுரும். எங்கம்மான்னு எனக்கு அது ஒண்ணுதான் இருக்குது" என்றேன். நான் போகிறேன் என்று சொல்லவில்லை. எனக்குப் பயம். அக்காவுக்கு அது தெரியும். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மாமா பார்க்காதபடி தோப்புக்குப் பின்பக்கமாக இறங்கிப் போனாள். இருட்டுவதற்குள் கோழியை மடியில் மறைத்து எடுத்து வந்து மக்கிரியில் போட்டு, மேலே ஒரு கல்லை வைத்தாள். காலையில் மேயத் திறந்துவிட்டால் பொழுது சாய அது மறுபடி ஓடும், அடுத்த இரண்டு நாளும் அதே போலத் திருட்டுத்தனமாகப் போனாள். நான் இரண்டு நாளும் மாமாவிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு மூன்றாம் நாள் அவளுக்குத் தலைவலி. வெயிலில் உட்கார்ந்து நடுங்கினாள். மாமா கேட்டதற்குப் பனி ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். பொழுது சாய்ந்ததும் எழுந்து நின்றாள். கோழிகள் மரம் ஏறுவதைப் பார்த்தாள். பிள்ளைகளை உள்பக்கம் என்னோடு படுக்கச் சொன்னாள். மாமாவை மாட்டோடு படுக்கச் சொன்னாள். சின்னவன் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளப் போனபோது, "ஹத்ர பரபேடா!" என்று கன்னடத்தில் அதட்டினாள். கிட்டே வராதே. அவன் பயந்து என்னிடம் வந்துவிட்டான்.

"நீங்க எங்கக்கா படுக்கறீங்க?" என்றேன்.

"நான் பாத்துக்கறன்."

விடிந்தபோது அவள் இல்லை. அவளுடைய பாயும் இல்லை.

மாமா முதலில் கிணற்றைத்தான் போய்ப் பார்த்தார். பிறகு தோப்பு முழுக்கப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினார். எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் நான் உடனே சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார், எல்லாம் வெளியே வரும். வெயில் ஏறுகிற வரை பேசாமல் இருந்தேன். பிறகுதான் "ஊருக்குள்ள பாருங்க மாமா" என்றேன்.

கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. மாமா தோளால் மோதினார்.

"ஒடைக்காத" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "நெறி கட்டிருக்குது. தொடையில. நீ உள்ள வந்தா, அப்பறம் பிள்ளைங்களுக்கு யாரு?"

மாமா கதவில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். பிறகு இன்ஸ்பெக்டரைக் கூட்டிவர வேப்பனப்பள்ளிக்கு ஓடினார்.

மத்தியானம் நான் மட்டும் கூழ் கொண்டுபோனேன். நான் படுக்கிற இடத்துக்கு மேலிருந்த சின்ன சன்னல் திறந்திருந்தது. அவளைப் பார்க்க முடியவில்லை, மூச்சு வாங்குவது கேட்டது. கூழைச் சன்னல் கல்லில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்கச் சொன்னாள்.

"உன் கோழி எங்க?"

"மக்கிரிக்குள்ள இருக்குதுக்கா."

"வுட்றாத. இங்க வந்திரப் போவுது." பிறகு, "நீ அழுததுக்குத்தான் வந்தன்னு அவருகிட்ட சொல்லாத. உன்ன வெச்சிருக்க மாட்டாரு" என்றாள்.

எனக்கு மன்னிப்புக் கேட்கக்கூட வாய் வரவில்லை. அதற்குப் பிறகு அவள் பேசியதெல்லாம் கன்னடம். யாரிடமோ, எதையோ, வேகவேகமாக. எனக்குப் பாதிதான் விளங்கியது.

இன்ஸ்பெக்டர் மறுநாள் காலையில் இரண்டு ஆட்களோடு வந்தார். மாமாவைத் தள்ளி நிற்கவைத்துக் கதவைப் பெயர்த்தார்கள். பெயர்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார்கள். அக்கா பின்கட்டில் படுக்கவில்லை. முன்கட்டில், மாடு கட்டுகிற இடத்தில், கதவுக்கு ஒரு முழம் உள்ளே, கால் வாசலைப் பார்க்கப் பாய் போட்டுப் படுத்திருந்தாள். எடுப்பவர்கள் வீட்டுக்குள் நடக்க வேண்டியிருக்கவில்லை. கையை நீட்டிப் பாயோடு இழுத்துவிட்டார்கள். கூழ்ச் சட்டி சன்னல் கல்லில் நான் வைத்தபடியே இருந்தது.

மாசி கடைசியில்தான் ஊருக்குள் போக உத்தரவு வந்தது. சுவரெல்லாம் சுண்ணாம்பு அடித்து, மூலைக்கு மூலை மருந்துப் பொடி தூவியிருந்தார்கள். முதல் நாள் சாயங்காலமே என் கோழி பரணில் ஏறி அதன் மூலையில் உட்கார்ந்தது. மாமா சமையல்கட்டு வாசலில் நின்று அதை வெகுநேரம் பார்த்தார்.

"சரின்னு என்கிட்ட தலையாட்டினா. அப்பறமும் எதுக்கு மறுபடி போனா? உன்கிட்ட ஏதாச்சும் சொன்னாளா?"

"தெரியலீங்க மாமா" என்றேன்.

அவள் சொல்லாதே என்றதால்தான் சொல்லவில்லை என்று ரொம்ப வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் எதுவும் சொல்லாமல் போயிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன்.

எது யார் கோழி என்று மாமா என்றைக்கும் கவனித்ததில்லை, அந்தக் கோழியைத் தன் பெண்டாட்டியின் கோழி என்று நினைத்துக்கொண்டார். தட்டிலிருந்து களி உருண்டையைக் கிள்ளி அதற்குப் போடுவார். முட்டைக்கு வருகிற பாய் விலை கேட்டபோது, "அது அவளோடது, அதை மட்டும் கேக்காதீங்க பாய்" என்றார். தினமும் பொழுது சாய்ந்தால் பரணுக்குக் கீழே போய் நின்று, அது அடைந்துவிட்டதா என்று பார்ப்பார். நான் அடுப்புக்கு முன்னால் குனிந்துகொண்டிருப்பேன். அவருக்கு மறுகல்யாணம் பேசி வந்தார்கள், ஒத்துக்கொள்ளவில்லை. என் கணவர் பழையபடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை வந்துபோனார், பிள்ளைகளை நான்தான் வளர்த்தேன்.

அந்தக் கோழி இன்னும் நாலு வருஷம் உயிரோடு இருந்தது. ஒரு நாள் காலையில் பரணிலிருந்து இறங்கவில்லை. மாமா அதைத் துணியில் சுற்றி எடுத்துப் போய் மாந்தோப்பில் குழி வெட்டிப் புதைத்தார். நான் சொம்பில் தண்ணீரோடு பக்கத்தில் நின்றேன். மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டு, கை கழுவ நீட்டினார். ஊற்றினேன்.

"அவளுக்கு இதுன்னா உசிரு" என்றார்.

"ஆமாங்க மாமா" என்றேன்.